பிடி ஒரு வீட்டில், பொறி ஒரு வீட்டில்

நம் பங்கைச் சார்ந்த சிற்றூர் ஒன்றில், மணிமுத்தாற்றங்கரையை அடுத்த கழனியிலே, ஓர் என்ஜின் கொட்டகை உண்டு. அதனுள் ஐந்து குதிரைத்திறன் கொண்ட பழைய ஆயில் என்ஜின் ஒன்று பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஓடாமல் கிடந்தது. சென்ற கோடையில் அது மீண்டும் ஓடியது. ஓர் என்ஜின் ஓடிற்று என்பது குடும்ப இதழில் எழுதத்தக்க செய்தியா என்று வாசகர்கள் வினவலாம். அதனை ஓட்டுவதற்கு எவையெவை தேவைப்பட்டன என்பதை அறிந்தபின் அவர்களே தீர்ப்புச் சொல்லட்டும்.

விருத்தாசலம் என்றதும் பலருக்கு நினைவில் எழுவது பீங்கான். இங்குள்ள சூளைகளில் வேகும் பொம்மைகளும், மின்சாரப் பியூஸ் கட்டைகளும் தொலைவிலுள்ள ஊர்களுக்கெல்லாம் செல்கின்றன. அண்மையிலுள்ள நெய்வேலியிலோ பழுப்பு நிலக்கரியினின்று மின்சாரமே பிறக்கிறது. ஆயினும், மின்சாரத்திற்கு இத்துணை நெருங்கிய உறவினரான நம் ஊர்களிலும் அது நின்றுபோகும் நாள்கள் உண்டு. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூர் மாவட்டத்தைச் சிதைத்ததை யார் மறப்பர்? முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்து வீழ்ந்தன. பல சிற்றூர்களில் வாரக்கணக்கில் விளக்கெரியவில்லை, மோட்டார் ஓடவில்லை. கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் குடத்தால் இறைத்தே குடித்தோம்.

அந்நாள்களில் மேற்சொன்ன கொட்டகையில் இருந்த என்ஜின் ஓடியிருக்கவேண்டும். ஓடவில்லை. அதற்குக் காரணம் துருவன்று.

பாகப்பிரிவினை

அந்த என்ஜினை வாங்கியவர் இன்று எண்பத்தைந்து வயதைக் கடந்த ஒரு பெரியவர். 1972-ஆம் ஆண்டு மல்லாட்டை விளைச்சல் கைகொடுக்க, அந்தப் பணத்தோடு மனைவியின் நகையையும் அடகு வைத்து வாங்கியதாகச் சொல்லுவார். அதுவரை கவலை ஏற்றம் பூட்டி மாடுகளோடு மல்லுக்கு நின்ற கிணற்றில், அன்று முதல் 'தக் தக்' என்னும் ஓசையோடு தண்ணீர் வெளிவந்தது. அவ்வோசையின் அருகிலேயே வாழ்நாளைக் கழித்தமையால் அவருடைய செவிப்புலன் பெரிதும் மங்கிவிட்டது.

1990-இல் தமிழக உழவர் அனைவருக்கும் பாசன மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பெற்றபின், ஊர்தோறும் ஆயில் என்ஜின்களின் அரசாட்சி முடிவுக்கு வந்தது. டீசலுக்குக் காசு கொடுத்து ஓட்டுவார் யார்? ஆயினும் பெரியவர் தம் என்ஜினை விற்கவில்லை. மின்சாரம் தடைப்படும் நாள்களுக்கென்று, மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, எண்ணெயிட்டு வைத்திருந்தார்.

2009-இல் அவருடைய மக்கள் இருவரும் பாகம் பிரித்துக்கொண்டனர். மின் இணைப்பு மூத்தவர் பெயரில் நின்றது. என்ஜின் கொட்டகை இளையவர் பங்கில் அமைந்தது. கிணறு இருவருக்கும் பொது. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது என்று பேச்சு. முறையில் தகராறு வந்தது. எந்த ஊரில் வரவில்லை? ஒரு நாள் கடுஞ்சொல் முற்றியபோது, மூத்தவர் கொட்டகைக்குள் புகுந்து, என்ஜினைச் சுழற்றித் தொடங்கும் இரும்புக் கைப்பிடியை, அதாவது ஊரார் 'ஹேண்டில்' என்று வழங்குவதை, எடுத்துச் சென்று தம் வீட்டுக் கதவின் பின்புறம் மாட்டிவிட்டார். "என்ஜினில் எனக்கும் பாதி உண்டு, இதுதான் என் பாதி" என்றாராம்.

பிடி ஒரு வீட்டில், பொறி ஒரு வீட்டில். தானே புயலின்போது இரு வீட்டுப் பெண்களும் ஒரே கிணற்றில் குடமிட்டு இறைத்தனர். என்ஜின் பார்த்துக்கொண்டிருந்தது. கோணான்குப்பம் பெரியநாயகி அன்னையின் திருவிழாவிற்கு இரு குடும்பத்தாரும் தவறாமல் செல்வர். ஆனால் வெவ்வேறு பேருந்தில்.

நாம் செய்த பிழை

இப்பங்கிற்கு நாம் வந்த புதிதில் இளையவர் நம்மை அணுகி, "தோத்திரம் சாமி, பழைய இரும்பு வியாபாரி வந்து கேட்கிறான். அண்ணனிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி விற்றுவிட்டால், பணத்தைப் பாதியாய்ப் பிரித்துக்கொள்ளலாம்" என்றார். வழக்கு ஒன்று எளிதில் தீருகிறதே என்று நாமும் மகிழ்ந்து, விற்றுவிடுவதே நலம் என்று ஆலோசனை கூறினோம். திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவருக்கு நம் சொல் கேட்டிராது. எனினும் நம் முகத்தையும் மகனுடைய முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று இரவு அவர் உண்ணவில்லை என்று மறுநாள் அறிந்தோம். கேளாமலே தீர்ப்புக் கூறிவிட்டோம் என்னும் உறுத்தல் நமக்கு நெடுநாள் இருந்தது.

பின்னர் இளையவருக்கே மனம் மாறிற்று. புதிய விவசாய மின் இணைப்பிற்கு மனுச் செய்து பல்லாண்டு காத்திருப்பது நம் உழவர்களுக்குப் புதிதன்று. அவருடைய முறை வரும் நாளில் மின்சாரம் நின்றால் மல்லாட்டைச் செடி வாடியது. ஆற்றங்கரைக் கிணறாதலால் நீர்மட்டம் இருபது அடிக்குள் இருந்தது. மேலே நின்று உறிஞ்சும் பம்பு ஏறக்குறைய இருபத்தைந்து அடி ஆழத்திற்குமேல் நன்கு இழுக்காது, அக்குறை இங்கில்லை. ஆகவே, என்ஜினைச் செப்பனிட்டால் பயனுண்டு என்று கண்டார்.

பொறியின் நோய்

ஒரு பீங்கான் தொழிற்கூடத்தில் மண் அரைக்கும் உருளை ஆலைகளைப் பேணி ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர் வேலையை ஏற்றார். இளையவரின் மகன், பீங்கான் தொழில்நுட்பம் பயிலும் மாணவன், உடனிருந்தான். நாமும் மாலை வேளைகளில் சென்று பார்த்தோம்.

இவ்வகை என்ஜினின் வரலாறு சுவையானது. ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1897-ஆம் ஆண்டு அவுக்ஸ்பர்க் நகரில் தம் பொறியை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். அதில் தீப்பொறி கிடையாது. மெழுகுவத்தி போன்ற ஸ்பார்க் பிளக்கும் இல்லை. உருளைக்குள் காற்றைப் பதினைந்தில் ஒரு பங்காகவும் அதற்கும் குறைவாகவும் அழுத்தினால், அக்காற்று ஏறக்குறைய 500 பாகை செல்சியஸ் அளவிற்குச் சூடேறும். அவ்வேளையில் எண்ணெயைப் புகைபோல் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் என்ஜின் கடலை எண்ணெயாலேயே ஓடிற்று. மல்லாட்டைக்குப் பெயர்பெற்ற நம் விருத்தாசலத்தார் இதனை அறிந்து பெருமைப்படலாம்! பின்னர் இங்கிலாந்து நாட்டு டர்ஸ்லி என்னும் ஊரில் லிஸ்டர் நிறுவனத்தார் மெதுவாகச் சுழலும் உழவு என்ஜினை வகுத்தனர். நிமிடத்திற்கு 600 சுற்று, இருபுறமும் இரு கனத்த சக்கரங்கள். அதன் சாயலில் நம் நாட்டிலும், சிறப்பாக ராஜ்கோட்டில், எண்ணற்ற என்ஜின்கள் வார்க்கப்பெற்றன. பெரியவருடையதும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

காற்று நன்கு அழுந்தவேண்டும். எண்ணெய் உரிய நொடியில் நன்கு சிதறவேண்டும். இவ்விரண்டும் இருப்பின் டீசல் என்ஜின் பிடித்துக்கொள்ளும். ஒன்று குறையினும் எத்துணைச் சுற்றினும் பிடியாது. ஆகவே ஃபிட்டர் இவ்விரண்டையுமே தேடினார்.

முதற்கண், பிஸ்டன் துருவேறி உருளையோடு ஒட்டிக் கிடந்தது. இளையவர் சம்மட்டியைத் தூக்கினார். ஃபிட்டர் தடுத்துவிட்டார். நாசில் இருக்கும் துளை வழியே மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றி, ஐந்து நாள் ஊறவிட்டார். பின் சக்கரத்தை முன்னும் பின்னுமாக விரற்கடை அளவே அசைத்து அசைத்து, ஆறாம் நாள் விடுவித்தார். "இரும்புக்கும் அவகாசம் கொடுக்கவேண்டும், ஃபாதர். அடித்தால் வார்ப்பு விரியும்" என்றார்.

எண்ணெய்த் தொட்டியில் தண்ணீரும் துருவும் வண்டலாய்ப் படிந்திருந்தன. கழுவி, வடிகட்டியை மாற்றினார். பிஸ்டன் ரிங்குகள் கரியில் புதைந்து அசையாதிருந்தன; மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கரியைச் சுரண்டி விடுவித்தார். வால்வுகளை எமரிப் பசையிட்டுத் தேய்க்கும் வேலை மாணவனுக்கு வந்தது. வால்வும் அதன் இருக்கையும் பொருந்தும் இடத்தில் அறாத சாம்பல் நிற வளையம் ஒன்று தோன்றும் வரை தேய்க்கவேண்டும். தேய்த்தபின் அதன்மேல் மண்ணெண்ணெய் ஊற்றி, கசிகிறதா என்று பார்ப்பது சோதனை. மூன்று மாலை தேய்த்தான், கசிவு நின்றது.

நாசிலைக் கழற்றி, குழாயோடு வெளியே பொருத்தி அழுத்திப் பார்த்தபோது, எண்ணெய் சிதறாமல் சொட்டிற்று. புதிய நாசில் இட்டதும் பனிப்படலம்போல் விரிந்தது. இச்சோதனையில் கையை அருகே நீட்டலாகாது. நூறு வளிமண்டலத்தையொட்டிய அழுத்தத்தோடு வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். இறுதியாக, குழாய்களில் அடைபட்ட காற்றை நீக்கவேண்டும். வடிகட்டி, பம்பு, நாசில் என்னும் வரிசையில் மறைகளைச் சற்றே தளர்த்தி, குமிழி நின்று எண்ணெய் மட்டும் வரும் வரை விட்டு, மீண்டும் இறுக்கினார்.

கனடா நாட்டில் பணிபுரியும் நம் பங்கு மகன் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தார். இவ்வேலையைப் பார்த்து நகைத்தார். அங்கே வீட்டு வாசலில் முழங்காலளவு பனி வீழுமாம். அதனை வாரி அப்பால் எறியச் சிறு பெட்ரோல் எந்திரம் வைத்திருப்பர். கோடை முழுதும் அதைச் சும்மா விட்டுவிட்டு, முதற்பனி வீழ்ந்த அன்று இழுத்தால் அது பிடியாது. நின்ற பெட்ரோல் பிசினாகி, கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். பனி நாடாயினும் வெயில் நாடாயினும், ஓடித் தேயும் பொறியைவிட நின்று கெடும் பொறிகளே மிகுதி போலும்.

கைப்பிடி

எல்லாம் முடிந்தது; ஆனால் கைப்பிடி இல்லை. ஃபிட்டர் ஒரு குழாயை வளைத்துப் புதிதாய்ச் செய்தார். அது தண்டில் சரிவரப் பொருந்தாமல் வழுக்கி, அவருடைய முன்கையில் காயம் உண்டாயிற்று. "இதனால் இனிச் சுற்றமாட்டேன், உயிருக்கு ஆபத்து" என்று கூறிவிட்டார்.

அன்று இரவு நாம் மூத்தவர் வீட்டிற்குச் சென்றோம். காப்பி கொடுத்தார்கள். கதவின் பின்னால் அது தொங்கிக்கொண்டிருந்தது. துருவில்லை. எண்ணெய் தடவித் துடைத்து வைத்திருந்தார்!

கேட்டோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "தம்பி வந்து கேட்டானா, சாமி?" என்றார்.

"இல்லை, நாம்தான் கேட்கிறோம். முன்பு விற்கச் சொன்னதும் நாமே, அது தவறு என்று சொல்லவும் வந்தோம்" என்றோம்.

"பிடியைக் கொடுக்கமாட்டேன்" என்றார். நாம் எழுந்தோம். வாசல் வரை உடன்வந்தவர், "நானே கொண்டுவருகிறேன். அந்த என்ஜினுக்கு என் கைதான் பழக்கம்" என்றார்.

மறுநாள் மாலை வந்தார். தம்பியைப் பார்த்து ஒரு சொல்லும் பேசவில்லை. இவ்வகை என்ஜினைத் தொடங்குவதில் ஒரு முறை உண்டு. வால்வைத் திறந்துவைக்கும் லிவரைத் தூக்கிவிட்டு, அழுத்தம் இல்லாத நிலையில் சக்கரத்தைச் சுழற்றி வேகம் ஏற்றவேண்டும். வேகம் போதிய அளவு ஏறியதும் லிவரை விட்டால், சக்கரத்தின் விசையே பிஸ்டனை மேலே தள்ளிக் காற்றை அழுத்தும். இறுகிய என்ஜினுக்கு இரண்டு ஆள் வேண்டும்: ஒருவர் சுற்ற, மற்றவர் லிவரை விட. கைப்பிடியைப் பிடிக்கும்போது கட்டைவிரலைச் சுற்றி மடக்காமல், மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைக்கவேண்டும். என்ஜின் எதிர்த்து உதைத்தால் கை முறியாமல் தப்பும்.

மூத்தவர் சுற்றினார். இளையவர் லிவரை விட்டார். வெண்புகை வந்தது, இரண்டு முறை இருமிற்று, நின்றது. பத்து முறை சுற்றினர். பயனில்லை. மூத்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "லிவரை முன்னதாய் விடுகிறான்" என்று காற்றைப் பார்த்துச் சொன்னார். "வேகம் போதவில்லை" என்று இளையவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். பதினைந்து ஆண்டுப் பகை அந்தக் கொட்டகையில் மீண்டும் மூளும்போல் இருந்தது. நமக்கு நா வறண்டது.

அப்போது பெரியவர் பேரன் தோளைப் பற்றிக்கொண்டு உள்ளே வந்தார். ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. லிவரைத் தொடாமல், கைப்பிடியைப் பற்றி மெல்ல மேல்நோக்கித் தள்ளினார். நலிந்த அந்தக் கையாலேயே சக்கரம் மேல்முனையைக் கடந்து அப்பால் சென்றுவிட்டது. கைப்பிடியை விட்டுவிட்டு, "முட்டு இல்லை" என்றார். பிறகு ஃபிட்டரைப் பார்த்து, "பேக்கிங் தடிமனாய்ப் போட்டாயா?" என்றார்.

ஃபிட்டர் ஒரு கணம் திகைத்தார். பழைய பேக்கிங் கிழிந்துவிட்டமையால், கடையில் கிடைத்த சற்றுத் தடித்த ஒன்றை ஹெட்டின் கீழ் இட்டிருந்தார். அதனால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடைவெளி கூடிவிட்டது. இடைவெளி கூடவே, காற்றின் அழுத்தம் குறைந்தது. அழுத்தம் குறையவே, சூடு போதவில்லை. வெண்புகை என்பது எரியாத எண்ணெயே. வால்வும் ரிங்கும் நாசிலும் செவ்வையாய் இருந்தும் என்ஜின் பிடியாததன் காரணம் அதுவே. "ஈயக் கம்பி வைத்து அளந்திருக்க வேண்டும். அவசரத்தில் விட்டுவிட்டேன், ஐயா" என்று அவர் ஒப்புக்கொண்டார். தவற்றை ஒப்புக்கொள்ளும் தொழிலாளியிடம் எந்தப் பொறியையும் நம்பி ஒப்படைக்கலாம்.

மறுநாள் காலை பிஸ்டன் தலைமேல் ஈயக் கம்பித் துண்டை வைத்து, ஹெட்டைப் பூட்டி, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினார். நசுங்கிய ஈயத்தின் தடிப்பே அந்த இடைவெளி. இருக்கவேண்டியதைவிட மிகுந்திருந்தது. இவ்வகை என்ஜினில் உருளையின் அடியில் 'ஷிம்' எனப்படும் மெல்லிய தகடுகள் இருக்கும். அவற்றுள் ஒன்றை எடுத்துவிட்டால் உருளை சற்றே தாழ்ந்து இடைவெளி குறையும். தகட்டை எடுக்க உருளையையே தூக்கவேண்டும். கனத்த வார்ப்பு. ஒருபுறம் அண்ணன், மறுபுறம் தம்பி. "தூக்கு" என்றார் அண்ணன். "தூக்கிட்டேன்" என்றார் தம்பி. பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் அவர்கள் ஒருவரோடொருவர் பேசிய முதற்சொற்கள் இவையே என்று வீட்டார் பின்னர் நம்மிடம் கூறினர்.

மாலையில் மீண்டும் கைப்பிடி ஏறிற்று. முதல் முறை உதைத்தது, இரண்டாம் முறை கரும்புகை, மூன்றாம் முறை மூத்தவர் "விடு!" என்றார், இளையவர் விட்டார். ஒரு அடி, பின்னொரு அடி, அப்புறம் கொட்டகை முழுதும் அவ்வோசையால் அதிர்ந்தது. பெரியவருக்கு அது கேட்டதோ இல்லையோ, குனிந்து என்ஜின் நிற்கும் சிமெண்ட்டுத் திண்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். பெல்ட்டை மாட்டினர். பம்பு முதலில் காற்றைக் கக்கி, பின் தண்ணீரைக் கொட்டிற்று. வாய்க்காலில் முதலில் காலை நனைத்தவை இரு வீட்டுப் பிள்ளைகளும்தாம்.

இப்போது

இதனால் அண்ணனும் தம்பியும் கட்டித் தழுவிக்கொண்டனர் என்று எழுத நமக்கும் ஆசைதான். அவ்வாறு நிகழவில்லை. மின்மோட்டார் முறையைப் பற்றிய மனத்தாங்கல் இன்னும் முற்றும் தீரவில்லை. ஆனால் கைப்பிடி மூத்தவர் வீட்டிற்குத் திரும்பவில்லை. கொட்டகைச் சுவரில் ஆணியடித்து அவரே அதனை மாட்டிவிட்டுப் போனார். மாதத்தின் முதற்சனி மாலை இருவரும் வந்து அரைமணி நேரம் ஓட்டுகின்றனர். டீசலுக்கு ஆளுக்குப் பாதி. ஒருவராலேயே அதைத் தொடங்க இயலாதா என்று மாணவனைக் கேட்டோம். "இப்போது ஒருவரே போதும், சாமி, அவ்வளவு இலகுவாய்ப் பிடிக்கிறது. ஆனால் அதைப் பெரியப்பாவிடம் நாங்கள் சொல்லவில்லை" என்றான்.

இதுபோன்ற பொறி வீட்டில் உடையோர்க்குச் சில சொற்கள். மாதம் ஒருமுறையேனும் ஓட்டுங்கள். தொட்டியின் அடியில் சேரும் தண்ணீரை வடித்துவிடுங்கள். மழை புகாதபடி புகைக்குழாயின் வாயை மூடிவையுங்கள். ஓட்டுமுன் எடுக்க மறவாதீர்கள். அடைத்த அறையில் ஓட்டாதீர்கள். புகை உயிரைப் போக்கும். விற்பதற்கு முன், அதை வாங்கியவர் உயிரோடிருந்தால், அவரைக் கேளுங்கள். அவருக்குச் செவி கேளாதாயின், கொட்டகைக்கு அழைத்துச் சென்று கைப்பிடியைக் கையில் கொடுங்கள்.